குறுக்கே பெருக்குவதா, வித்தியாசம் பார்ப்பதா?

என்னிடம் மாலை டியூஷனுக்கு ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள். தங்கை பத்தாம் வகுப்பு. அண்ணன் டிகிரி முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறான். கணக்குக்கு மட்டும் வந்து கடைசி பெஞ்சில் உட்காருவான். போன மாதம் ஒருநாள் இருவருக்கும் ஒரே கணக்கைக் கொடுத்தேன்.

"தந்தை, மகன் வயதுகளின் விகிதம் 7:2. பத்து ஆண்டுகள் கழித்து அது 9:4 ஆகும். இப்போது அவர்களின் வயது என்ன?"

நான் வாசித்து முடித்து நிமிர்வதற்குள் அண்ணன் "35, 10" என்றான். தங்கை நோட்டில் ஐந்து வரி எழுதி, இரண்டு நிமிடம் கழித்து அதே விடைக்கு வந்தாள். வந்ததும் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "மிஸ், இவன் போடுற மாதிரி பரீட்சையில போட்டா மார்க் குடுப்பாங்களா?" அண்ணன் விடவில்லை. "உன்னை மாதிரி போட்டா எனக்கு ஹால்ல நேரம் பத்துமா? அதையும் சேர்த்துக் கேளு."

இரண்டுமே நியாயமான கேள்விகள். மறுநாள் அவர்கள் அம்மா போன் செய்து, "ரெண்டு பேருக்கும் ஒரே முறையா சொல்லிக் குடுத்துடுங்க, வீட்ல சண்டை தாங்கல" என்றார். ஒரே முறையாகச் சொல்லிக் கொடுக்க முடியாது என்று அவரிடம் சொன்னேன். ஏன் முடியாது என்பதைப் போனில் விளக்க வரவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன ஏற்பாடு. பள்ளியில் தெரியாத எண்ணை எக்ஸ் என்று எழுதுவார்கள். நான் இங்கே 'ம' என்று எழுதுகிறேன், மாறி என்பதன் முதல் எழுத்து. 'க' என்று போடலாம்தான். ஆனால் பழைய தமிழ் எண்களில் அது ஒன்றைக் குறிக்கும், குழப்பம் எதற்கு.

விகிதக் கணக்கில் இரண்டு ரகம் உண்டு. 3 கிலோ அரிசி 180 ரூபாய் என்றால் 5 கிலோ எவ்வளவு? இது கடைக்காரர் மனசிலேயே போடும் கணக்கு. ஆரியபட்டர் கி.பி. 499-இல் எழுதிய நூலிலேயே இதற்கு விதி இருக்கிறது. திரைராசிகம் என்று பெயர். மூன்று எண் தெரியும், நான்காவது தெரியாது. இரண்டைப் பெருக்கி ஒன்றால் வகுத்தால் வேலை முடிந்தது. இரண்டு பின்னங்களாக எழுதிச் சமம் போட்டால் நான்கு மூலைகள் வரும்; தெரியாத எண் அதில் ஏதோ ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்த ரகத்தில் அது தனியாக இருக்காது. தொகுதியிலும் (பின்னத்தின் மேலே) இருக்கும், பகுதியிலும் (பின்னத்தின் கீழே) இருக்கும். சில சமயம் நான்கு மூலைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வகுத்து முடிக்கலாம் என்று போனால், எதை எதனால் வகுப்பது என்றே தெரியாது. குழந்தைகள் திணறுவது இங்கேதான், எந்த வழி என்ற சண்டையும் இங்கேதான் தொடங்குகிறது.

தங்கையின் வழி, பள்ளிக்கூடத்து வழி, குறுக்குப் பெருக்கல். அவள் நோட்டில் இருந்தது இது:

(7ம + 10) / (2ம + 10) = 9 / 4
4(7ம + 10) = 9(2ம + 10)
28ம + 40 = 18ம + 90
10ம = 50
ம = 5

ஆக தந்தைக்கு 35, மகனுக்கு 10. பத்து வருடம் கழித்து 45, 20, அது 9:4. சரி.

இந்த வழி ஏன் செல்லுகிறது என்று கேட்டால் முக்கால்வாசிப் பிள்ளைகள் கையால் காற்றில் ஒரு பெருக்கல் குறி வரைந்து காட்டுவார்கள். அங்கே மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு பக்கத்தையும் இரண்டு பகுதிகளாலும் பெருக்குகிறோம்; இந்தப் பக்கம் ஒன்று அடிபடுகிறது, அந்தப் பக்கம் மற்றொன்று அடிபடுகிறது. மிச்சம் இருப்பதுதான் குறுக்கே தெரிகிறது. பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் ஏழாம் புத்தகத்தில் 19-ஆவது கூற்றே இதுதான்: நான்கு எண்கள் விகிதசமத்தில் இருந்தால் முதலாவதையும் நான்காவதையும் பெருக்கிய தொகை, நடுவில் உள்ள இரண்டையும் பெருக்கிய தொகைக்குச் சமம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் வண்டி, இன்னும் அச்சு முறியவில்லை.

ஆனால் ஓட்டுகிறவர்கள் இரண்டு இடத்தில் குடை சாய்ப்பார்கள். ஒன்று, அடைப்புக்குறி. 4(7ம + 10) என்பதை 28ம + 10 என்று எழுதுவது. ஒவ்வொரு பேட்ச்சிலும் நாலு பேராவது செய்வார்கள். இதற்கு என் வைத்தியம் ஒன்றே ஒன்று: குறுக்கே பெருக்கும் முன்பே நான்கு மூலைகளுக்கும் அடைப்புக்குறி போட்டுவிடு, வெறும் ஒரு எண்ணாக இருந்தாலும் சரி.

இரண்டாவது இதைவிட மோசம். இந்தக் கணக்கைப் பாருங்கள்:

ம/3 + 1 = (ம + 5)/4

இதைப் பார்த்ததும் குறுக்கே பெருக்கி 4ம + 1 = 3ம + 15 என்று எழுதி, ம = 14 என்று கோடு போட்டு முடித்துவிடுவார்கள். 14-ஐ வைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் 17/3, மறுபக்கம் 19/4. எங்கேயோ போய்விட்டது. குறுக்குப் பெருக்கல் என்பது ஒரு பின்னம் சமம் ஒரு பின்னம் என்ற வடிவத்துக்கு மட்டும். பக்கத்தில் ஒரு கூட்டல் நின்றுகொண்டிருந்தால் அது செல்லாது. இங்கே எல்லா உறுப்புகளையும் 12-ஆல் பெருக்க வேண்டும்: 4ம + 12 = 3ம + 15, ம = 3. அந்த 1-க்கும் 12 போய்ச் சேர வேண்டும், அதைத்தான் மறக்கிறார்கள்.

இப்படி, பகுதிகள் எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சின்ன எண்ணால் பெருக்குவதே இன்னொரு வழி, மீச்சிறு பொது மடங்கு வழி. பகுதிகளில் மாறி இல்லாமல் வெறும் எண்கள் இருந்து, அவற்றுக்குப் பொதுக் காரணியும் இருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன். (ம + 1)/12 = (2ம − 3)/18 என்பதைக் குறுக்கே பெருக்கினால் 18ம + 18 = 24ம − 36 என்று வரும். 36-ஆல் பெருக்கினால் 3ம + 3 = 4ம − 6, உடனே ம = 9. விடை ஒன்றுதான், எண்கள் சின்னவை. சின்ன எண்ணில் தப்பு குறைவாக வரும். இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பகுதியில் மாறி வந்துவிட்டால் இதுவும் குறுக்குப் பெருக்கலும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும்.

இனி அண்ணனின் வழி. எட்டு நொடியில் எப்படிச் சொன்னான்?

அப்பாவுக்கும் மகனுக்கும் வயது ஏறும், ஆனால் இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறாது. 7:2-இல் வித்தியாசம் 5 பங்கு. 9:4-இலும் 5 பங்கு. அப்படியானால் இரண்டிலும் பங்கின் அளவு ஒன்றுதான். 7 என்பது 9 ஆனது, அதாவது 2 பங்கு கூடியது. கூடியது 10 வருடம். ஒரு பங்கு 5. முடிந்தது.

வித்தியாசம் சமமாக இல்லாவிட்டால்? 5:2 என்பது 8 வருடம் கழித்து 2:1 ஆகிறது என்று வையுங்கள். முதலில் வித்தியாசம் 3, அப்புறம் 1. இரண்டாவதை மூன்றால் பெருக்கி 6:3 என்று எழுதிக்கொள்ள வேண்டும். இப்போது 5 என்பது 6 ஆகிறது, ஒரு பங்கு 8 வருடம். 40, 16. எட்டு வருடம் கழித்து 48, 24. சரியாக இருக்கிறது.

இதைக் கோச்சிங் சென்டரில் ஷார்ட்கட் என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். அந்தப் பெயர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஷார்ட்கட் என்றால் ஏதோ குறுக்குப் புத்தி என்று தங்கை நினைக்கிறாள். இது கணக்கைப் புரிந்துகொண்டவர்கள் போடும் வழி. எது மாறுகிறது, எது மாறவில்லை என்று முதலில் பார்ப்பது. நகைக் கணக்கில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்.

ஒரு பவுனில், அதாவது 8 கிராமில், 18 காரட் சங்கிலி ஒன்று இருக்கிறது. அதை உருக்கி 22 காரட் ஆக்க வேண்டும். எத்தனை கிராம் சொக்கத் தங்கம் சேர்க்க வேண்டும்? 18 காரட் என்றால் 24-இல் 18 பங்கு தங்கம், அதாவது 8 கிராமில் 6 கிராம். சேர்க்கும் தங்கம் ம கிராம் என்றால்:

(6 + ம) / (8 + ம) = 22 / 24

வலது பக்கம் 11/12. குறுக்கே பெருக்கினால் 72 + 12ம = 88 + 11ம, ம = 16. நல்ல விடைதான், மூன்று வரி.

அதையே வேறு மாதிரி பாருங்கள். தங்கத்தைச் சேர்க்கிறோம், ஆகவே தங்கம் மாறுகிறது, மொத்த எடையும் மாறுகிறது. மாறாதது எது? செம்பும் வெள்ளியுமாகக் கலந்திருக்கும் அந்த 2 கிராம். 22 காரட்டில் கலப்பு 24-க்கு 2, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டில் ஒரு பங்கு 2 கிராம் என்றால் மொத்தம் 24 கிராம். கையில் 8 இருக்கிறது, 16 சேர்க்க வேண்டும். பேனாவே வேண்டாம். ஒரு பவுன் 18 காரட்டுக்கு இரண்டு பவுன் சொக்கத் தங்கம் என்று வருவதைப் பார்த்து வகுப்பில் ஒரு மாணவி, "அதுக்குப் புதுசாவே வாங்கிடலாம் மிஸ்" என்றாள். பொருளாதாரமும் சேர்ந்து புரிந்துவிட்டது.

குறியீட்டில் சொன்னால், இரண்டு பக்கத்திலிருந்தும் 1-ஐக் கழிப்பது இது. தொகுதியிலிருந்து பகுதியை எடுத்துவிடுகிறோம். தொகுதியில் இருந்த மாறி அடிபட்டு வெறும் எண் மிஞ்சுகிறது. பத்தாம் வகுப்பில் அடிப்படை விகிதசமத் தேற்றம், தேல்ஸ் தேற்றம் என்றும் சொல்வார்கள், அதில் வரும் கணக்குகளுக்கு இது அருமையாகப் பொருந்தும். முக்கோணத்தின் அடிப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டால், அது மற்ற இரண்டு பக்கங்களையும் ஒரே விகிதத்தில் வெட்டும். இடது பக்கத்தில் மேல் துண்டு ம, கீழ்த் துண்டு ம − 2. வலது பக்கத்தில் மேல் துண்டு ம + 2, கீழ்த் துண்டு ம − 1 என்றால்:

ம/(ம − 2) = (ம + 2)/(ம − 1)

நான்கு மூலையிலும் மாறி. இரண்டு பக்கத்திலும் 1-ஐக் கழித்தால்:

2/(ம − 2) = 3/(ம − 1)

இனி 2ம − 2 = 3ம − 6, ம = 4. தங்கை குறுக்கே பெருக்கி ம² − ம = ம² − 4 என்று எழுதினாள். ம² இரண்டு பக்கமும் இருந்ததால் தானாக அடிபட்டது, அவளுக்கும் 4 வந்தது. ஆனால் அந்த ம²-ஐப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு கலக்கம் வந்து போனதே, அது அண்ணன் வழியில் இல்லை.

இதே குடும்பத்தில் இன்னொன்று, மடங்கு பார்ப்பது. 6 மீட்டர் உயர விளக்குக் கம்பத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரமுள்ள ஒருவர் நிற்கிறார். நிழல் எவ்வளவு நீளம்? 6/(ம + 6) = 1.5/ம என்று எழுதலாம். அல்லது, விளக்கு ஆளைவிட 4 மடங்கு உயரம், ஆகவே கம்பத்தடியிலிருந்து நிழல் முனை வரை 4 நிழல் நீளம். அதில் ஒரு நிழல் ஆளுடையது, மிச்சம் 3 நிழல் நீளம்தான் அந்த 6 மீட்டர். நிழல் 2 மீட்டர். நேரம் இருந்தால் பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய்த் தெருவிளக்கைக் காட்டி இதைச் சொல்லுங்கள், மறக்கவே மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகு அண்ணன் பக்கம்தான் நான் சாய்கிறேன் என்று தோன்றும். அவனுக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு வந்தான். அதனால் முதலில் இதைக் கொடுத்தேன்: ஒரு வகுப்பில் மாணவர், மாணவியர் விகிதம் 3:5. மாணவர் 10 பேர் புதிதாகச் சேர்கிறார்கள், மாணவியர் 5 பேர் விலகுகிறார்கள். இப்போது விகிதம் 4:5. முதலில் எத்தனை பேர்?

வித்தியாசம் பார்த்தான். அது மாறுகிறது. கூட்டுத்தொகை பார்த்தான். அதுவும் மாறுகிறது. மாறாதது எதுவுமே அந்தக் கணக்கில் இல்லை. கடைசியில் (3ம + 10)/(5ம − 5) = 4/5 என்று எழுதி, தங்கை மாதிரியே 15ம + 50 = 20ம − 20 என்று பெருக்கி, ம = 14, ஆக 42 பேரும் 70 பேரும் என்று முடித்தான். தங்கை ஒன்றும் சொல்லவில்லை, இருமினாள்.

அது வெறும் தடைக்கல். பெரிய பள்ளம் அடுத்த கணக்கில் இருந்தது. அதே முக்கோணம், அதே இணைகோடு. இடது பக்கத்தின் மேல் துண்டு 8ம − 7, கீழ்த் துண்டு 5ம − 3. வலது பக்கத்தின் மேல் துண்டு 4ம − 3, கீழ்த் துண்டு 3ம − 1. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் கணக்குதான்.

(8ம − 7)/(5ம − 3) = (4ம − 3)/(3ம − 1)

அண்ணன் கோச்சிங்கில் இன்னொரு உத்தியும் கற்றிருந்தான். இரண்டு விகிதங்கள் சமம் என்றால், தொகுதிகளின் வித்தியாசத்துக்கும் பகுதிகளின் வித்தியாசத்துக்கும் அதே விகிதம். 2/3-உம் 10/15-உம் சமம்; வித்தியாசம் எடுத்தால் 8/12, அதுவும் அதேதான். நல்ல விதி. அதைப் போட்டான்:

தொகுதிகளின் வித்தியாசம்: (8ம − 7) − (4ம − 3) = 4ம − 4
பகுதிகளின் வித்தியாசம்: (5ம − 3) − (3ம − 1) = 2ம − 2
விகிதம்: (4ம − 4)/(2ம − 2) = 2

அப்படியானால் 4ம − 3 = 2(3ம − 1). அதிலிருந்து ம = −1/2. ஐந்து நொடி. இடது மேல் துண்டில் வைத்துப் பார்த்தால் −4 − 7, அதாவது −11. ஒரு பக்கத்தின் நீளம் மைனஸ் பதினொன்று. "கணக்கே தப்பு மிஸ்" என்றான், முழு நம்பிக்கையோடு.

தங்கை அதற்குள் குறுக்கே பெருக்கிக்கொண்டிருந்தாள். நீளமாகத்தான் போனது:

(8ம − 7)(3ம − 1) = (4ம − 3)(5ம − 3)
24ம² − 29ம + 7 = 20ம² − 27ம + 9
4ம² − 2ம − 2 = 0
2ம² − ம − 1 = 0
(2ம + 1)(ம − 1) = 0

ம = −1/2 அல்லது ம = 1. முதல் விடையில் நீளம் மைனஸாகிறது, தள்ளிவிடலாம். ம = 1 என்றால் துண்டுகள் 1, 2, 1, 2. அழகாகப் பொருந்துகிறது.

அண்ணனுக்குச் சரியான விடை எங்கே தொலைந்தது? 4ம − 4-ஐ 2ம − 2-ஆல் வகுத்தானே, அந்த இடத்தில். இரண்டிலும் ம − 1 என்ற காரணி இருக்கிறது, அதை அடித்துவிட்டான். ம = 1 என்றால் அந்தக் காரணி பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்து 2 என்று எழுதியிருக்கிறான். அவன் சொன்ன விதி சரிதான், ஆனால் பகுதிகள் இரண்டும் ஒரே எண்ணாக இருந்துவிட்டால் அது செல்லாது. இங்கே சரியான விடையில் பகுதிகள் இரண்டும் 2. ஆக, அவன் உத்தி தள்ள வேண்டிய விடையைக் கையில் கொடுத்துவிட்டு, வேண்டிய விடையைக் கீழே போட்டுவிட்டது.

எனக்கு எந்த வழி என்ற கேள்வியில் முடிவைச் சொல்வது வேகம் இல்லை, இதுதான். குறுக்குப் பெருக்கல் மந்தம், ம² வரும், அடைப்புக்குறியில் சறுக்கும், எல்லாம் உண்மை. ஆனால் அது ஒரு விடையையும் தொலைக்காது. இரண்டு பின்னங்கள் சமமாக இருந்தால் குறுக்குப் பெருக்கல் தொகைகளும் சமமாக இருந்தே தீரும். ஆகவே உண்மையான விடை எதுவும் அதிலிருந்து தப்பிப் போக வழியில்லை. அதிகபட்சம் ஒரு பொய் விடையைச் சேர்த்துக் கொண்டுவரும். சேர்ந்து வந்ததை வைத்துப் பார்த்துத் தள்ளிவிடலாம். தொலைந்ததை எங்கே போய்த் தேடுவது? தொலைந்தது என்றே தெரியாதே.

1-ஐக் கழிப்பதில் இந்த ஆபத்து இல்லை; கழிப்பதால் எதுவும் தொலையாது. மாறி உள்ள ஒன்றால் வகுக்கும் போதுதான், அல்லது அடித்துவிடும் போதுதான் தொலையும். இரண்டு பக்கத் தொகுதிகளிலும் ம இருக்கிறதே என்று ஒரு கோடு போட்டு இரண்டையும் அடிப்பவர்களும் இதே ரகம். ம = 0 ஒரு விடையாக இருந்திருக்கலாம், யாருக்குத் தெரியும்.

சில கணக்குகளில் குறுக்குப் பெருக்கலைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக மடித்தால் கிடைக்கும் தாளுக்கும் அதே வடிவம். நீளம் ம, அகலம் 1 என்றால், மடித்த பிறகு நீளம் 1, அகலம் ம/2. ம/1 = 1/(ம/2). இங்கே மாறாதது எது என்று தேடினால் அந்த விகிதமேதான், அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெருக்கினால் ம² = 2. ஏ4 தாள் 297-க்கு 210 மில்லிமீட்டர். வகுத்துப் பாருங்கள், ஏறக்குறைய 1.4142 வரும், இரண்டின் வர்க்கமூலம்.

கொடுத்திருக்கும் விடைகளைப் போட்டுப் பார்ப்பது இன்னொரு வழி. கொள்குறி வினாவில் இதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன். முதல் வயதுக் கணக்குக்கு (28, 8), (35, 10), (42, 12), (49, 14) என்று நான்கு விடைகள் இருந்தால் நான்குமே 7:2 தான். பத்து கூட்டினால் மகன் வயது 4-ஆல் வகுபட வேண்டும்: 18 ஆகாது, 20 ஆகும், 22 ஆகாது, 24 ஆகும். தந்தை வயது 9-ஆல் வகுபட வேண்டும்: 45 ஆகும், 59 ஆகாது. ஒரே ஒரு விடை நிற்கிறது. சமன்பாடே எழுதவில்லை. போனில் படம் எடுத்தால் விடை சொல்லும் செயலிகளும் இருக்கின்றன. வீட்டில் சரிபார்க்க வைத்துக்கொள்ளலாம், பரீட்சை ஹாலுக்குள் போன் வராது.

சரி, யாருக்கு எது?

தங்கைக்கு நான் சொன்னது: விடைத்தாளில் குறுக்குப் பெருக்கல், ஒவ்வொரு ஸ்டெப்பும் தனி வரியில். பகுதிகள் வெறும் எண்களாக இருந்தால் மீச்சிறு பொது மடங்கு. பொதுத்தேர்வில் விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஒரே வரியில் விடை எழுதி, அது தப்பாகவும் இருந்துவிட்டால், திருத்துகிறவர் மார்க் போட நினைத்தாலும் எங்கே போடுவார்? அண்ணனின் வித்தியாச வழியை ஓரத்தில் ரஃபாகப் போட்டு விடையைச் சரிபார்க்க வைத்துக்கொள். இரண்டு வழியிலும் ஒரே விடை வந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

அண்ணனுக்கு வேறு மாதிரி. குரூப் 4-இல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 நொடி. கணக்கும் அறிவுக்கூர்மையும் சேர்ந்த 25 கேள்விகளில் கொஞ்சம் கூடுதல் நேரம் செலவழிக்கலாம், ஆனால் ஐந்து வரி எழுத முடியாது. ஆகவே முதலில் மாறாதது எது என்று பார். வயது, கலவை, சமமான சேமிப்பு என்று வந்தால் பெரும்பாலும் கிடைத்துவிடும். பத்து நொடிக்குள் கிடைக்காவிட்டால் விடைகளைப் போட்டுப் பார். அதுவும் ஆகாவிட்டால் பேசாமல் தங்கை வழிக்கு வா. மாறி உள்ள எதையும் அடிக்கும் முன் அது பூச்சியமாக இருக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்.

இருவரும் தலையாட்டினார்கள். உடனே தலையாட்டியதில்தான் எனக்குச் சந்தேகம். கிளம்பும் நேரத்தில் போர்டில் ஒன்று எழுதினேன்:

ம/(ம − 3) = 3/(ம − 3)

தங்கை ம² − 3ம = 3ம − 9 என்று எழுதி, அதை ம² − 6ம + 9 = 0 ஆக்கி, (ம − 3)² என்று காரணிப்படுத்தி, ம = 3 என்றாள். அண்ணன் எழுதவே இல்லை. "கீழ ரெண்டும் ஒண்ணு, அப்ப மேலயும் ஒண்ணா இருக்கணும். மூணு." ஒரு மாதத்தில் முதல் முறையாக இருவரும் ஒரே விடையை ஒரே நேரத்தில் சொன்னார்கள். செருப்பை மாட்டிக்கொண்டே, "கரெக்டா மிஸ்?" என்றார்கள்.

"வச்சுப் பாருங்க" என்றேன்.

தங்கைதான் முதலில் வைத்தாள். மூன்றில் மூன்று போனால் என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவளின் பென்சில் கீழே இருந்த பூச்சியத்தில் நின்றது. அண்ணன் எட்டிப் பார்த்தான். அப்புறம் இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார்கள்.